வீட்டுத் தச்சுப் பட்டறைக்கு டஸ்ட் கலெக்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் வீட்டுப் பின்கட்டில் சின்னதாக ஒரு தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். பத்துக்குப் பதினைந்து அடி அறை. உள்ளே ஒரு டேபிள் சா (மேசையில் பொருத்திய வட்ட ரம்பம்), ஒரு பேண்ட் சா (நாடா ரம்பம்), பலகை சீவ ஒரு பிளானர், சிறிய கடைசல் மெஷின். இவற்றுக்கெல்லாம் சேர்த்து டஸ்ட் கலெக்டர் என்னும் தூசி இழுக்கும் அமைப்பு போட்டதிலிருந்து, பார்க்க வருகிறவர்கள் ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். டவுன், பேட்டை, அம்பை, செங்கோட்டை என்று ஊர்தான் மாறுகிறது. கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

1. அண்ணாச்சி, மரத்தூள்தானே, என்ன செய்துரும்? ஆசாரிமார் காலங்காலமா இதுக்குள்ளதானே கிடந்தாங்க?

கண்ணுக்குத் தெரிகிற சீவலும் தூளும் பெரிய பிரச்சினை இல்லை. கீழே விழும், கூட்டி அள்ளிவிடலாம். தொல்லை தருவது 10 மைக்ரானுக்கும் குறைந்த பொடி. நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் இது எவ்வளவு நுண்மை என்று பார்த்துக்கொள்ளுங்கள். இது மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும், மூக்கு முடியில் நிற்காமல் நுரையீரல் வரை போகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. மூக்குக்குள்ளும் சைனஸ் அறைகளிலும் வரும் புற்றுநோய்தான் இதில் முக்கியம். இங்கிலாந்தில் ஹை விக்கம் ஊரில் நாற்காலி, மேசை செய்த தொழிலாளர்களிடம் இந்த நோய் வழக்கத்துக்கு மீறி இருப்பதை 1960களில் மருத்துவர்கள் கவனித்ததிலிருந்து இந்த ஆராய்ச்சி வளர்ந்தது.

பழைய ஆசாரிமார் கைவாளும் இழைப்புளியும் வைத்து, முன்பக்கம் திறந்த கொட்டகையிலோ வேப்பமரத்தடியிலோ வேலை பார்த்தார்கள். நாம் நாலு சுவருக்குள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்று சுற்றும் பிளேடையும், உப்புத்தாள் தேய்க்கும் மெஷினான சாண்டரையும் ஓட்டுகிறோம்.

2. நான் உளி, இழைப்புளி, கைவாள்தான். எனக்கும் இது வேணுமா?

வேண்டாம். இழைப்புளியிலிருந்து வருவது சுருள், அது மிதக்காது. உப்புத்தாள் போடும்போது மட்டும் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். கைவேலையில் நுண்பொடி வருவது பெரும்பாலும் அங்கேதான்.

3. வீடு கூட்டுத வேக்குவம் கிளீனர் சும்மா கிடக்கு. அதையே மாட்டினா போதாதா?

சில கருவிகளுக்குப் போதும், சிலவற்றுக்குச் சுத்தமாகப் போதாது. வேக்குவம் கிளீனர் பலமாக இழுக்கும், ஆனால் இழுக்கும் காற்றின் அளவு குறைவு. டஸ்ட் கலெக்டர் இதற்கு நேர் எதிர். இழுவிசை மிதம், காற்று ஏராளம். காற்றின் அளவை நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்று கணக்குப் பார்ப்பார்கள், அதைத்தான் சி.எஃப்.எம். என்கிறார்கள். பட்டறைக்கென்று விற்கும் வேக்குவத்தில் 100 முதல் 150 வரை கிடைக்கும். டேபிள் சாவுக்கு 350 முதல் 400 வரையும், பிளானருக்கு 400க்கு மேலும் வேண்டும்.

ஆகவே கையில் பிடிக்கும் சாண்டர், பள்ளமும் விளிம்பும் செதுக்கும் ரூட்டர், ஜிக் சா போன்றவற்றுக்கு வேக்குவம்தான் சரி. சாண்டரின் தட்டில் உள்ள ஓட்டைகளும் உப்புத்தாளின் ஓட்டைகளும் நேராகப் பொருந்தினால் தூசியில் பெரும்பகுதி உள்ளே போய்விடும். வேக்குவத்துக்கு முன்னால் ஒரு சிறிய சைக்ளோனும் (காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் கூம்பு, விவரம் 10ஆம் கேள்வியில்) 20 லிட்டர் பெயிண்ட் வாளியும் வைத்தால் ஃபில்டர் சீக்கிரம் அடைக்காது. ஒரு எச்சரிக்கை: குழாய் அடைத்துக்கொண்டால் வேக்குவத்தின் இழுப்பில் பிளாஸ்டிக் வாளி சுருங்கி நசுங்கும். இரண்டு வாளியை ஒன்றுக்குள் ஒன்று சொருகி வைத்தால் தாங்கும்.

4. கையில கொஞ்சம்தான் துட்டு இருக்கு. முதல்ல எதை வாங்க?

முதலில் நல்ல மாஸ்க். அடுத்து, சாண்டருக்கு ஒரு வேக்குவம். மூன்றாவதாக, ஒவ்வொரு மெஷினிலும் தூசி கிளம்பும் இடத்தை மூடிக் கட்டும் பெட்டி. இதை ஒட்டுப்பலகைத் துண்டிலேயே நீங்களே செய்துவிடலாம். பிறகு குழாய். கடைசியில்தான் பெரிய மோட்டார்.

பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெரிய மோட்டாரை வாங்கி, அதில் நீளமான நெளிவுக் குழாயைச் சொருகி, மெஷின் பக்கத்தில் தொங்கவிட்டு, 'இழுக்க மாட்டேங்குது' என்கிறார்கள். வட்டமான குழாய் வாயிலிருந்து அதன் விட்டத்தின் அளவுக்குத் தள்ளிப் போனாலே காற்றின் வேகம் சுமார் பத்தில் ஒரு பங்காகிவிடும். 4 இஞ்ச் குழாய் என்றால் 4 இஞ்ச் தள்ளி நின்றாலே கதை முடிந்தது. அங்கே மோட்டாரைப் பெரிதாக்கி ஒன்றும் ஆகப்போவதில்லை. தூசி கிளம்பும் இடத்திலேயே அதைப் பிடிக்க வேண்டும்.

5. ஈரத் துண்டை மூக்குல கட்டிக்கிட்டா போதாதா தம்பி?

பெரிய தூளை நிறுத்தும் அண்ணாச்சி, முதல் கேள்வியில் சொன்ன நுண்பொடியை நிறுத்தாது. துணியின் இழைகளுக்கு இடையில் உள்ள இடைவெளி அந்தப் பொடிக்கு அகலமான வாசல். என் 95 அல்லது எஃப்.எஃப்.பி. 2 என்று போட்ட மாஸ்க் வாங்குங்கள். தலைக்குப் பின்னால் மாட்டும் இரட்டைப் பட்டை உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. காதில் மாட்டுவது ஓரத்தில் இளகிக் காற்று புகும். தாடி வைத்திருந்தால் எந்த மாஸ்க்கும் முகத்தோடு ஒட்டி உட்காராது.

6. 1 எச்.பி. போதும்னு கடைக்காரர் சொல்லுதாரு. பெட்டியில 1000 சி.எஃப்.எம்.னு போட்டிருக்கே?

பெட்டியில் போட்டிருப்பது குழாயும் ஃபில்டரும் இல்லாமல் வெறும் ஃபேனைச் சுற்றவிட்டு அளந்தது. குழாய், வளைவு, ஃபில்டர் எல்லாம் சேர்ந்தால் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. 1 எச்.பி. கலெக்டரை ஒரு மெஷின் பக்கத்தில் வைத்து, குட்டையான குழாயில் இணைத்து, வேலை முடிந்ததும் அடுத்த மெஷினுக்கு உருட்டிப் போகலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், சுவரில் ஓட்டை போட வேண்டியதில்லை. சுவரோரமாகக் குழாய் ஓட்டி மூன்று நான்கு மெஷினுக்குக் கிளை கொடுப்பதாக இருந்தால் 2 எச்.பி.க்குக் குறையக் கூடாது. நடுவில் சைக்ளோனும் வைப்பதானால் 3 எச்.பி. வரை யோசிக்கலாம்.

7. குழாய் 4 இஞ்சா, 6 இஞ்சா?

இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. தூள் குழாய்க்குள் படியாமல் பறந்துகொண்டே போக, காற்று நிமிடத்துக்கு 3500 முதல் 4000 அடி வேகத்தில் ஓட வேண்டும். 4000 அடி என்பது மணிக்கு 70 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்த வேகத்தில் 4 இஞ்ச் குழாய் சுமார் 350 கன அடி காற்றைத்தான் கொண்டுபோகும். 6 இஞ்ச் குழாய் 785 கன அடி வரை கொண்டுபோகும். விட்டம் ஒன்றரை மடங்கு, காற்று இரண்டே கால் மடங்கு.

அப்படியானால் எல்லாருக்கும் 6 இஞ்ச்தானா? இல்லை. உங்கள் கலெக்டர் உண்மையில் தருவது 300 கன அடிதான் என்றால், 6 இஞ்ச் குழாயில் வேகம் 1500 அடிக்கு இறங்கிவிடும். படுக்கையாகப் போகும் இடத்திலெல்லாம் தூள் தங்கி, கொஞ்ச நாளில் குழாய் பாதி நிரம்பிக் கிடக்கும். 1 எச்.பி.க்கு 4 இஞ்ச். 2 எச்.பி.யிலிருந்து மெயின் லைன் 6 இஞ்ச், மெஷின் அருகில் மட்டும் 4 இஞ்ச். பிளானருக்கு முடிந்தால் கடைசி வரை 6 இஞ்சே போடுங்கள்.

8. சாக்கடைக்குப் போடுத பி.வி.சி. குழாய் போடலாமா?

தாராளமாகப் போடலாம். கழிவுநீருக்கென்று எஸ்.டபிள்யு.ஆர். என்ற பெயரில் விற்கும் குழாய்தான் நமக்குத் தோது. 110 மில்லிமீட்டர் என்பது 4 இஞ்ச், 160 மில்லிமீட்டர் என்பது 6 இஞ்ச். இதில் ஏ வகை காற்றுக்கும் மழைநீருக்கும், பி வகை கழிவுக்கும். ஏ வகை மெலிசு, விலையும் குறைவு, நம் வேலைக்கு அது போதும். வள்ளியூர், ராதாபுரம் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் தகரக் குழாய் போட்டால் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பொருத்தும் முறையும் கழிவுநீர்க் குழாய் போலத்தான். கிளைக் குழாய்கள் ஓட்டத்தின் போக்கில் சாய்ந்து சேர வேண்டும், எதிர்த்துச் சேரக் கூடாது. ஒரு குழாயின் நுனி அடுத்த குழாயின் அகன்ற வாய்க்குள் ஓட்டத் திசையிலேயே நுழைய வேண்டும். திருப்பிப் போட்டால் அந்த விளிம்பில் சீவல் சிக்கி அடைப்பு அங்கேதான் தொடங்கும். 'டி' வேண்டாம், 'ஒய்' போடுங்கள். செங்கோண வளைவு வேண்டிய இடத்தில் 45 டிகிரி வளைவு இரண்டை, நடுவில் ஒரு சாண் குழாய் விட்டு இணையுங்கள். நல்ல பிளம்பர் ஒருவரைக் கூப்பிட்டு 'தண்ணி மெஷினிலிருந்து கலெக்டருக்கு ஓடணும்' என்று சொன்னால் போதும், மிச்சத்தை அவரே சரியாகச் செய்வார்.

நெளிவுக் குழாயை மெஷினை ஒட்டி ஒரு முழம், இரண்டு முழத்துக்கு மேல் விடாதீர்கள். உள்ளே வரிவரியாக இருப்பதால் வழுவழுப்பான குழாயைவிட இரண்டு மூன்று மடங்கு காற்றைத் தடுக்கும்.

9. பி.வி.சி.யில ஸ்டாட்டிக் கரண்ட் வந்து வெடிச்சிரும்ணு சொல்லுதாங்களே?

பங்குனி, சித்திரையில் காற்று காய்ந்து கிடக்கும்போது குழாயைத் தொட்டால் சுரீர் என்று அடிக்கும், அது உண்மை. ஆனால் மரத்தூசி வெடிக்க ஒரு கன மீட்டர் காற்றில் பத்துக்கணக்கான கிராம் மிதக்க வேண்டும். வீட்டுப் பட்டறையில் அந்த அளவு தூசி கிளம்பினால் உங்களால் உள்ளே நிற்கவே முடியாது. பெரிய ஆலைகளில் தூசியும் அதிகம், குழாயும் பெரிது. அதனால்தான் அங்கே உலோகக் குழாய் போட்டு எர்த் கொடுக்கிறார்கள்.

ஷாக் தொந்தரவாக இருந்தால் குழாயின் மேல் உறையில்லாத செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, ஒரு முனையை மெஷின் உடம்பிலும் மறுமுனையை கலெக்டரிலும் இணைத்து எர்த் செய்யுங்கள். நெருப்பைப் பற்றி நான் பயப்படுவது வேறொரு விஷயத்துக்காக. அது 17ஆம் கேள்வியில்.

10. சைக்ளோன் கண்டிப்பா வேணுமா? ரைஸ் மில்லுல இருக்குமே, அதே மாதிரியா?

அதேதான். அம்பை, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் அரிசி ஆலைகளில் கூரைக்கு மேல் தகரக் கூம்பு நிற்குமே, அதன் தம்பிதான் இது. காற்று பக்கவாட்டில் நுழைந்து சுழலும். கனமான சீவலும் தூளும் சுவரோடு ஒதுங்கிக் கீழே டிரம்மில் விழும். லேசான பொடியோடு காற்று நடுவழியாக மேலேறி ஃபேனுக்குப் போகும். கண்டிப்பாக வேண்டுமென்று இல்லை. ஆனால் பிளானர் ஓட்டுகிறவர்களுக்கு இது இருந்தால் ஃபில்டர் நாள்கணக்கில் அடைக்காமல் இருக்கும், ஃபேன் இறக்கையில் மரத்துண்டு போய் மோதாது. அரிசி ஆலைக்கு வேலை செய்த தகர வேலைக்காரர் யாராவது கிடைத்தால் அவரிடமே செய்யச் சொல்லுங்கள். இந்த வடிவம் அவருக்குக் கைப்பழக்கம்.

ஒன்றை மட்டும் அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். கீழ் டிரம் மூடி காற்றுப் புகாமல் இறுக வேண்டும். கீழே சிறிது காற்று கசிந்தாலும் விழுந்த தூள் மறுபடி மேலே கிளம்பி நேரே ஃபில்டருக்குப் போய்விடும். டிரம் நிரம்பி வழிந்தாலும் இதே கதை. 'சைக்ளோன் பிரிக்கவே மாட்டேங்குது' என்று கூப்பிட்டவர்கள் வீட்டில் போய்ப் பார்த்தால் அநேகமாக மூடி ரப்பர்தான் பழுதாக இருக்கும்.

11. ஃபில்டர் எதுக்கு? வெளிய ஊதி விட்டுட்டா ஆச்சே?

காற்றைப் பொறுத்தவரை வெளியே விடுவதுதான் ஆகச் சிறந்தது. நம் பட்டறைகளில் ஏ.சி. இல்லை, குளிர்ந்த காற்று வீணாகும் கவலையும் இல்லை. ஃபில்டர் தடுப்பு இல்லாததால் இழுப்பும் கூடும். ஆனால் மூன்று விஷயம். சைக்ளோன் இல்லாமல் வெளியே விடாதீர்கள், தெருவே தூளாகிவிடும். இரண்டாவது, உள்ளே காற்று வர ஜன்னலோ கதவோ திறந்திருக்க வேண்டும். சாத்திய அறையில் எவ்வளவு பெரிய மோட்டாரும் திணறும்.

மூன்றாவது, நம்ம ஊர்க் காற்று. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றுக்குத்தான் பணகுடி, காவல்கிணறு பக்கமெல்லாம் காற்றாலை வைத்திருக்கிறார்கள். வெளிவாயை மேற்குச் சுவரில் வைத்தால் காற்று எதிர்த்து அடித்து இழுப்பைக் குறைக்கும். கிழக்கிலோ வடக்கிலோ வைத்து, வாயைக் கீழ்நோக்கி வளையுங்கள். கிழக்கு வீட்டு மாடியில் வத்தல் காயப்போடுகிறவர்கள் இருந்தால் முன்கூட்டியே பேசிவிடுங்கள். சைக்ளோன் தப்பவிடும் பொடி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காயப்போட்ட வேட்டியில் தெரியும்.

அக்கம்பக்கம் நெருக்கமான வீடு என்றால் ஃபில்டர்தான் வழி. அப்போது கலெக்டரோடு வரும் 30 மைக்ரான் துணிப்பையை நம்பாதீர்கள். அது பெரிய தூளைப் பிடித்துக்கொண்டு நுண்பொடியை மட்டும் அறை முழுக்கத் தூவும். 1 மைக்ரான் அளவுக்காவது வடிகட்டும் மடிப்பு ஃபில்டர் வாங்குங்கள்.

12. ஃபில்டரை எப்பம் சுத்தம் பண்ணணும்? தண்ணியில கழுவலாமா?

காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது. வெளியே எடுத்துப் போய், மாஸ்க் போட்டுக்கொண்டு, வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி மெதுவாகக் காற்றடித்துத் தட்டுங்கள். தூள் படிந்த பக்கத்தில் நேராக அடித்தால் பொடி இன்னும் ஆழமாகச் சொருகிக்கொள்ளும்.

எப்போது என்று தெரிய, கொத்தனார் மட்டம் பார்க்கிற, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஒரு முழம் போதும். அதை 'யு' மாதிரி வளைத்து, பாதி வரை சாயத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஃபேனுக்கும் ஃபில்டருக்கும் நடுவில் சொருகி, மறுமுனையைத் திறந்தபடி விடுங்கள். ஃபில்டர் புதிதாக இருக்கும்போது இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள். அது இரண்டு மடங்கானால் தட்டும் நேரம் வந்துவிட்டது. தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் காலத்தில் தூள் ஈரம் பிடித்து ஃபில்டரில் அப்பிக்கொள்ளும். டிரம்மில் இரண்டு வாரம் விட்டால் பூஞ்சை வரும். அந்த மாதங்களில் வேலை முடிந்த அன்றே கொட்டிவிடுங்கள்.

13. கரண்டு பில்லு எகிறிருமா? வீட்டு லைன் தாங்குமா?

2 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 2 யூனிட். வாரக் கடைசியில் மட்டும் வேலை பார்த்து, மாதத்துக்கு 20 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதப் பில்லில் 80 யூனிட் கூடும். இலவச யூனிட் இருந்தாலும் அதை வீட்டு ஃபேனும் ஃபிரிட்ஜுமே தின்றுவிடும், ஆகவே இது முழுக்கக் காசு கொடுத்துதான். அடுத்த படி விலைக்குத் தாண்டுகிறதா என்று பழைய பில்லைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லைன்தான் முக்கியம். இந்த மோட்டார் ஓடும்போது 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு. டேபிள் சாவும் கலெக்டரும் எப்போதும் சேர்ந்தே ஓடும் என்பதால் இரண்டுக்கும் தனித்தனி லைன், தனித்தனி எம்.சி.பி. (சுமை மீறினால் தானே அணையும் சுவிட்ச்), எர்த் கம்பி சரியாக இருக்க வேண்டும். முதலில் கலெக்டரைப் போட்டு, அது வேகம் பிடித்த பிறகு மெஷினைப் போடுங்கள். சாயங்கால நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் கிராமத்தில் இருந்தால், மோட்டார் முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் உடனே அணைத்துவிடுங்கள்.

14. எல்லா ஷட்டரையும் மூடிட்டு ஓட்டினா மோட்டார் எரிஞ்சிராதா?

ஷட்டர் என்பது ஒவ்வொரு மெஷினுக்கும் போகும் கிளைக் குழாயைத் திறந்து மூடும் தடுப்பு. கேட்பவர்களில் பாதிப் பேர் நம்ப மறுக்கும் பதில் இது: எரியாது. மூடினால் மோட்டாரின் சுமை குறையும். இந்த வகை ஃபேன் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறதோ அவ்வளவு வேலை செய்கிறது. காற்றே வராவிட்டால் இறக்கை வெறுமனே சுற்றும், ஆம்பியர் இறங்கும். நம்பாவிட்டால் எலக்ட்ரீஷியனிடம் கிளாம்ப் மீட்டர் வாங்கி வைத்துப் பாருங்கள். பயப்பட வேண்டியது இதற்கு எதிர்ப்பக்கம். குழாய் எதுவும் மாட்டாமல் வாயை முழுக்கத் திறந்துவிட்டு வெகுநேரம் ஓட்டினால்தான் மோட்டார் அதிகம் இழுத்துச் சூடாகும்.

வேக்குவம் கிளீனருக்கு இது பொருந்தாது. பெரும்பாலான வேக்குவங்களில் மோட்டாரைக் குளிர்விப்பதே அந்தக் காற்றுதான். அதை அடைத்தால் வெந்துபோகும்.

15. சத்தம் தாங்கலன்னு பக்கத்து வீட்டு மதினி சண்டைக்கு வாராவ. என்ன செய்ய?

கலெக்டரை அறைக்கு வெளியே, சாய்ப்பு இறக்கி அதன் கீழ் வையுங்கள். மூன்று பக்கம் செங்கல் சுவர் எழுப்பினால் பாதிச் சத்தம் அடங்கும், ஆனால் மோட்டாருக்குக் காற்று போக வழி விடுங்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அதற்கு முன்னால் மதினியிடம் எந்த நேரம் தோது என்று கேட்டுவிடுவது லேசு.

16. எல்லாம் மாட்டியாச்சு. டேபிள் சா மேல இன்னும் தூள் பறக்கே?

டேபிள் சாவில் தூசி கிளம்புவது இரண்டு இடத்தில். கீழே பெட்டிக்குள் பாதி. மேலே பிளேடு உங்களைப் பார்த்து வீசுவது மீதி. கீழே மட்டும் குழாய் மாட்டினால் மேலே அப்படியேதான் இருக்கும். பிளேடு மூடிக்கு மேல் இரண்டு அல்லது இரண்டரை இஞ்ச் குழாய் ஒன்று தனியாகக் கொடுங்கள். கட்டிங் மெஷினைத் தலைகீழாக மேசைக்கடியில் மாட்டி வைத்திருப்பவர்கள் முதலில் அடிப்பக்கத்தைப் பலகையால் பெட்டி கட்டி அடையுங்கள். திறந்த மேசைக்கடியில் குழாயை நீட்டுவது வீண், காரணம் 4ஆம் பதிலில் இருக்கிறது.

அம்பை சொப்புச் சாமான் மாதிரி கடைசல் வேலை செய்கிறவர்களுக்கு இது இன்னும் சிரமம். உளி பட்டுத் தெறிக்கும் சுருளை எந்தக் குழாயாலும் பிடிக்க முடியாது, அதைக் கீழே விழ விடுங்கள். கடைசியில் உப்புத்தாள் போடும்போது மட்டும், அகன்ற வாயுள்ள குழாயைக் கட்டைக்குப் பின்னால் ஒட்டினாற்போல் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

17. இதுல தீப்பிடிக்குமா?

பிடிக்கலாம். பழைய நிலைக்கதவு, உத்திரம் போன்றவற்றை வாங்கி அறுக்கிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். உள்ளே உடைந்து நிற்கும் ஆணியில் பிளேடு பட்டாலோ, ஆணித்துண்டு ஃபேன் இறக்கையில் மோதினாலோ ஒரு பொறி டிரம்முக்குள் போய் உட்காரும். அப்போது ஒன்றும் தெரியாது. மணிக்கணக்கில் கனன்று ராத்திரியில் புகையும். ஆகவே தகர டிரம்மையே வையுங்கள், வேலை முடிந்ததும் வீட்டுக்கு வெளியே எடுத்து வையுங்கள். வெல்டிங், கிரைண்டர் வேலைக்கு இந்தக் குழாயை ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம்.

18. யூடியூப்ல ஒரு அமெரிக்கக்காரர் சொன்ன அளவுலயே இஞ்சு இஞ்சா செய்தேன். அவருக்கு இழுக்க மாதிரி எனக்கு இழுக்கலயே?

அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அவர் மோட்டார் நிமிடத்துக்கு 3450 சுற்று, நம்முடையது சுமார் 2850. அதே இறக்கை இந்த வேகத்தில் சுற்றினால் காற்று ஆறில் ஒரு பங்கு குறையும். இழுவிசை வேகத்தின் வர்க்கத்தில் இறங்குவதால் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். நீளக் குழாயில் இது நன்றாகவே தெரியும்.

இறக்கையின் விட்டத்தைக் கூட்டுவதுதான் தீர்வு. அவர் 12 இஞ்ச் போட்டால் நீங்கள் 14 இஞ்சுக்குச் சற்று மேல் போட்டால்தான் அதே இழுவிசை வரும். உறையும் அதற்கேற்ப வளர வேண்டும், இறக்கையைப் பேலன்ஸ் பார்க்காமல் மாட்டக் கூடாது. மோட்டாரின் ஆம்பியரையும் பாருங்கள், தகட்டில் போட்டிருப்பதைத் தாண்டினால் இறக்கை பெரிது.

19. எந்த மரத்தூள் ரொம்ப மோசம்?

தேக்கும் ஈட்டியும் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் கொண்டுவரும். முதல் நாள் ஒன்றும் செய்யாமல், பழகப் பழக ஒவ்வாமை கூடுவதுதான் இவற்றின் குணம். வேம்பு அறுத்தால் எனக்கு மூக்கு எரியும். ஆனால் நான் அதிகம் அஞ்சுவது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகைக்கு. அதன் பொடி மாவு போல நுண்மை, கூடவே ஃபார்மால்டிஹைடு கலந்த பசையும் உண்டு.

20. சேருத தூளை என்ன செய்ய? அடுப்புல போடலாமா?

வெறும் மரத்தூள் என்றால் போடலாம். தகர டின்னின் நடுவில் பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இடித்து நிரப்பி, பாட்டிலை உருவி எரிக்கும் மரத்தூள் அடுப்பு இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. ஃபில்டரில் தட்டிய மாவுப்பொடியை மட்டும் எரிகிற அடுப்பில் கொட்டாதீர்கள், குப்பென்று பற்றும். ஒட்டுப்பலகை, எம்.டி.எஃப்., வார்னிஷ் அடித்த மரம் இவற்றின் தூள் அடுப்புக்கும் ஆகாது, மாட்டுத் தொழுவத்துக்கும் ஆகாது. தென்னைக்கு உரமாகப் போடுவதானால் சாணியோடு கலந்து நன்றாக மக்கவிட்டுப் போடுங்கள். பச்சையாகப் போட்டால் மண்ணில் உள்ள தழைச்சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும்.

21. எங்க வீட்டுக்காரரு மாடியில பட்டறை வச்சிருக்காரு அண்ணே. மெஷின் மாட்டியும் பிள்ளைகளுக்கு இருமல் நிக்கல. வேலை செய்யுதான்னு எப்படிக் கண்டுபிடிக்க?

பிள்ளைகளின் இருமலை முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள் அம்மா, அது இதனால்தான் என்று நாமே முடிவு கட்டக் கூடாது. மெஷினைச் சோதிக்க, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, அவர் வேலை பார்த்து முடித்த கையோடு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். வெளிச்சக் கற்றையில் மினுமினுவென்று மிதந்தால் பிடிபடாமல் தப்புகிறது என்று அர்த்தம். இன்னும் சரியாகத் தெரிய, பி.எம். 2.5, அதாவது காற்றில் 2.5 மைக்ரானுக்கும் குறைந்த பொடி எவ்வளவு என்று காட்டும் சின்ன மீட்டர் வாங்கலாம். நம் நாட்டு அளவுகோல் 24 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் 15 என்று சொல்லியிருக்கிறது. வேலைக்கு முன்னால், வேலை நடக்கும்போது, முடிந்து ஒரு மணி நேரம் கழித்து என்று மூன்று முறை குறித்து அவரிடம் காட்டுங்கள்.

தூசி வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் அவர் சட்டையில்தான். மாடியிலேயே சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள். பட்டறையை விளக்குமாற்றால் கூட்டினால் படிந்த பொடி எல்லாம் மறுபடி கிளம்பும், ஈரத்துணி போட்டுத் துடைக்க வேண்டும். ஏர் கம்ப்ரஸரால் உடம்பில் ஊதிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

22. அப்பம் இவ்வளவும் மாட்டின பொறவு மாஸ்க்கைக் கழத்திரலாமா?

அந்த மீட்டர் சொல்வதைப் பொறுத்தது. டேபிள் சாவிலும் பேண்ட் சாவிலும் எண் அசையாமல் நின்றால் கழற்றலாம். உப்புத்தாள், எம்.டி.எஃப்., கடைசல் இந்த மூன்றுக்கும் நான் இன்னும் போட்டுக்கொண்டுதான் வேலை பார்க்கிறேன். மெஷினை நிறுத்தியதும் கலெக்டரையும் அணைக்காமல் ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, அதன் பிறகு கழற்றுங்கள்.